நிலவறைக்குள் போக ஒரு கிராஃப் தாள்

வீடியோ கேம் என்றால் நம்மூர்ச் செய்திகளில் இரண்டே கதைதான். ஒன்று, ரம்மியில் சேமிப்பைத் தொலைத்தவர் கதை. இன்னொன்று, ஃப்ரீ ஃபயரில் டைமண்ட் வாங்க அப்பாவின் வங்கிக் கணக்கைத் துடைத்த பையன் கதை. இதையே படித்துக்கொண்டிருந்தால், நெய்க்காரப்பட்டியிலோ பழனியிலோ பிள்ளை செல்போனைக் கையில் எடுத்ததும் வீட்டில் சத்தம் கிளம்பத்தான் செய்யும். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமே எல்லா ஆட்டத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் தனியே பிரித்தது. சட்டம் பிரித்த அளவுக்குக்கூட வீடுகள் இன்னும் பிரிக்கவில்லை.

அப்படிப் பிரிக்கும்போது தனி வரிசையில் நிறுத்த வேண்டிய ஒரு ரகம் உண்டு: பழைய பாணி நிலவறை ஆட்டம். விளையாடுகிறவர்கள் ‘டஞ்சன் கிராலர்’ என்பார்கள். ஒரு சிறு படையைத் திரட்டிக்கொண்டு பூமிக்கு அடியில் இருக்கும் சிக்கலான பாதைகளில் இறங்க வேண்டும். பேய் பூதங்களைச் சமாளித்து, பொறிகளைத் தாண்டி, அடுக்கடுக்காகக் கீழே போக வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் தஞ்சைப் பொக்கிஷ நிலவறையின் இருட்டில் வழி தேடும் இடத்தைப் படித்தவர்களுக்கு இதன் சுவையைத் தனியாக விளக்க வேண்டாம்.

இந்த ரகத்துக்கு இலக்கணம் வகுத்த ஆட்டங்களில் முக்கியமானது ‘விசார்ட்ரி’. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் இருவரும் எழுதி, 1981-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. ஆறு பேர் கொண்ட படை, பத்து அடுக்கு நிலவறை, ஒவ்வொரு அடுக்கும் 20-க்கு 20 கட்டம். திரையில் தெரிவதோ வெறும் கோடுகளால் வரைந்த சுவரும் கதவும்தான். வழிகாட்டும் வரைபடம் கிடையாது. ஆடுகிறவர்தான் பென்சிலும் கிராஃப் தாளுமாக உட்கார்ந்து, வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கட்டம் வரைய வேண்டும்.

வரைவது மட்டும் போதாது, சந்தேகப்படவும் தெரிய வேண்டும். சில கட்டங்களில் கால் வைத்ததும் ஆட்டம் சத்தமில்லாமல் படையை வேறு திசைக்குத் திருப்பிவிடும். வடக்கே போவதாக நினைத்து வரைந்துகொண்டிருப்பவர் உண்மையில் கிழக்கே போய்க்கொண்டிருப்பார். கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர் வந்து நிற்கும்போதுதான் எங்கோ பிசகிவிட்டது என்று உறைக்கும். அப்போது ‘துமாபிக்’ என்ற மந்திரத்தைச் சொன்னால், படிக்கட்டிலிருந்து கிழக்கே எத்தனை கட்டம், வடக்கே எத்தனை கட்டம், எத்தனை அடுக்கு கீழே என்ற கணக்கு வரும். ‘மாலோர்’ மந்திரத்தில் எண்களைக் கொடுத்தால் அந்த இடத்துக்கே தாவலாம். எண்ணைத் தப்பாகக் கொடுத்துப் பாறைக்குள் இறங்கினால் மொத்தப் படையும் காலி. ஆயத்தொலைவுப் பாடத்தை இதைவிடக் கண்டிப்பாக நடத்தும் வாத்தியார் கிடைப்பது அரிது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண் என்பது பெற்றோருக்கும் தெரிந்ததுதான்.

இன்னொரு ஆட்டம் ‘நெட்ஹேக்’. 1987-ல் வந்தது, அன்றிலிருந்து இலவசம். படம்கூட இல்லை, எழுத்தும் குறியீடுமே சுவர், கதவு, பேய் எல்லாம். செத்தால் செத்ததுதான், மறுபடி முதலிலிருந்து. இதில் ‘காக்கட்ரைஸ்’ என்று ஒரு பிராணி வரும். வெறும் கையால் அதைத் தொட்டால் கல்லாகிவிட வேண்டியதுதான். கையுறை போட்டவர் அதைக் கொன்று, பிணத்தையே ஆயுதமாக ஏந்தி எதிரிகளைக் கல்லாக்கலாம். ஆனால் பிணத்தைக் கையில் பிடித்தபடி ஒரு குழியில் விழுந்தால், அது மேலே பட்டு அவரே கல்லாவார். ஒரு வசதி கிடைத்தால் அதன் மறுபக்கத்தையும் யோசித்தாக வேண்டும் என்பதை இந்த ஆட்டம் இப்படித்தான் மண்டையில் ஏற்றுகிறது.

இதெல்லாம் பத்தரைமாற்றுத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. விசார்ட்ரியில் படையின் பலத்தைக் கூட்ட ஒரே மாதிரிச் சண்டையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும், அலுப்புத் தட்டும். நேரத்தையும் நன்றாகவே விழுங்கும். ஆனால் ‘இன்று வந்தால் பரிசு’ என்று நள்ளிரவில் செல்போனைச் சிணுங்க வைப்பதில்லை. தோற்றவரிடம் ‘காசு போட்டால் உயிர் தருகிறேன்’ என்று பேரம் பேசுவதில்லை. மூடி வைத்தால் மூடியே கிடக்கும். பெற்றோர் பார்க்க வேண்டியது ஆடுகிற மணிக்கணக்கை மட்டுமல்ல, ஆட்டம் எதை வைத்துப் பிள்ளையைப் பிடித்து வைக்கிறது என்பதையும்தான்.

உண்மையான குறை வேறொன்று: இவை நம் பிள்ளைகளோடு தமிழில் பேசுவதில்லை. விசார்ட்ரியை ஆடிப் பார்த்த ஜப்பானியர்கள் அதைத் தங்கள் மொழிக்கும் மண்ணுக்கும் கொண்டுபோனார்கள். 1986-ல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ அந்த வழியில் பிறந்ததுதான். நம்மாலும் முடியும் என்பதற்குச் சாட்சி, டொரன்டோவில் உருவாகி 2023-ல் வெளிவந்த ‘வெண்பா’. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் அதன் களம். அடுத்த ஆண்டே அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தமிழ் எழுத்து திரையில் உடைந்து போகுமே என்ற பழைய சாக்கும் இனி எடுபடாது. ஆட்டம் உருவாக்க இலவசமாகக் கிடைக்கும் கோடோ 4 மென்பொருள் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது.

களத்துக்கும் பஞ்சமில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டையை 1605-ல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கினார். 1755-ல் ஹைதர் அலி வந்தார். 1790-ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆயுதக் கிடங்கு, சிறை அறைகள், உச்சியில் மூலவர் இல்லாத கோயில் என்று அடுக்கடுக்காக ஆட்டத்துக்கு ஏற்ற இடம்.

அப்படி ஒரு தமிழ் ஆட்டம் வரும்வரை கையில் இருப்பதை வைத்தே தொடங்கலாம். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. நெட்ஹேக்குக்கு அவையே அதிகம். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம்கூட வேண்டாம். கோடை விடுமுறையில் வாரத்துக்கு ஒரு பிற்பகல் அந்த அறையைத் திறந்துவிட்டு, நாலு பேருக்கு ஒரு கணினி, ஆளுக்கொரு கிராஃப் தாள் என்று கொடுத்துப் பார்க்கலாம். ஆங்கிலம் புரியாத இடத்தில் உதவ ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். செலவு என்று பார்த்தால் தாளும் பென்சிலும்தான்.