கூறப்படுகிறது என்று கூறுபவர் யார்?

"கூறப்படுகிறது", "நம்பப்படுகிறது", "எதிர்பார்க்கப்படுகிறது" ஆகிய மூன்று சொற்களும் இல்லாவிட்டால் இன்றைய தொழில்நுட்பச் செய்திப் பக்கங்களில் பாதி வெறுமையாகிவிடும். கூறியவர் யார், நம்புபவர் யார் என்று வாசகன் கேட்க முடியாதபடி பொறுப்பாளியை மறைத்துவிடும் சொற்கள் இவை. பத்திரிகை அலுவலகத்தில் இச்சொற்களைக் கண்டால் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பியனுப்பும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இன்று இவையே ஒரு தொழிலின் மூலதனமாகிவிட்டன.

ஜப்பானின் நின்டென்டோ நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியைச் சுற்றி நடந்தவற்றைப் பாருங்கள். 2015 மார்ச் 17ஆம் திகதி அந்நிறுவனத்தின் தலைவர் சட்டோரு இவாட்டா, என்எக்ஸ் என்ற குறியீட்டுப் பெயரில் புதிய கருவியொன்று உருவாகிறது என்றும், விபரங்கள் மறு ஆண்டில் வெளிவரும் என்றும் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். கருவி உலகுக்குக் காட்டப்பட்டதோ 2016 ஒக்டோபர் 20ஆம் திகதிதான். இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களும் ஊகக்காரர்களுக்கு அறுவடைக் காலமாயின.

2016 மார்ச்சில் என்எக்ஸின் கட்டுப்படுத்தி என்று சொல்லி இணையத்தில் சில படங்கள் வெளியாகின. பொத்தான்கள் இல்லாத, முகம் முழுவதும் திரையான, முட்டை வடிவப் பொருள் அது. நின்டென்டோவின் காப்புரிமை விண்ணப்பமொன்றில் இருந்த வரைபடத்தை அப்படியே ஒத்திருந்தது. இணையத்தளங்கள் பல அதைப் பிரசுரித்து அலசி ஆராய்ந்தன. சில நாட்களில், அதைச் செய்தவரே அது போலி என்று ஒப்புக்கொண்டு, செய்த விதத்தையும் வெளியிட்டார். போலி செய்தவன் உண்மையைச் சொன்னான். ஆராய்ந்து எழுதியவர்களில் எத்தனை பேர் வாசகரிடம் வருத்தம் தெரிவித்தார்கள்?

கசிந்த செய்தி எல்லாமே பொய் என்பதல்ல எனது வாதம். அதே ஆண்டு ஜூலையில் பிரித்தானியாவின் யூரோகேமர் தளம், என்எக்ஸ் என்பது கையிலும் வைத்து விளையாடலாம், தாங்கியில் பொருத்தித் தொலைக்காட்சியிலும் விளையாடலாம் என்ற கலப்புக் கருவி என எழுதியது. பிரித்தெடுக்கக்கூடிய இரு கட்டுப்படுத்திகளையும் என்விடியாவின் டெக்ரா சில்லையும் கூட அது குறிப்பிட்டது. மூன்று மாதங்களில் அனைத்தும் மெய்யாயின. செய்தி தேடிப் பெற்று, தமது பெயரில் பொறுப்பேற்று வெளியிடுவது ஊடகப்பணி. அதை நான் வணங்குகிறேன். ஆனால் அச்செய்தியைப் பிரதிபண்ணிய தளங்கள் போலிப் படத்துக்கும் "கூறப்படுகிறது" என்றே எழுதின, இந்த மெய்ச் செய்திக்கும் அப்படியே எழுதின. வாசகன் பதரையும் நெல்லையும் எதைக்கொண்டு பிரிப்பான்?

2021இல் நடந்தது இதைவிட மோசமானது. அவ்வாண்டு மார்ச்சில் புளூம்பெர்க் நிறுவனம், ஏழு அங்குல ஓஎல்ஈடி திரையுடன், தொலைக்காட்சியில் 4கே தெளிவு தரும் புதிய ஸ்விட்ச் வரவிருக்கிறது என்று எழுதியது. உடனே ஊர் கூடி அதற்கு "ஸ்விட்ச் புரோ" என்று பெயரும் சூட்டியது. ஜூலை 6ஆம் திகதி நின்டென்டோ அறிவித்த கருவியில் அந்தத் திரை இருந்தது, 4கே இருக்கவில்லை. "நின்டென்டோ ஏமாற்றிவிட்டது" என்று குரல்கள் எழுந்தன. தராத வாக்கை மீறியதற்காக ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? வாக்குக் கொடுத்தது ஊகம். வசை வாங்கியது நிறுவனம்.

இதற்கும் ஒரு சமாதானம் சொல்கிறார்கள். 2025 ஜூன் 5ஆம் திகதி சந்தைக்கு வந்த ஸ்விட்ச் 2 கருவியில் 4கே இருக்கிறதே, நாங்கள் சொன்னது நடந்ததல்லவா என்கிறார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து நடந்ததற்கு இன்று உரிமை கோருவது, பனம்பழம் விழுந்ததற்குக் காகம் பெருமைப்பட்ட கதைதான். தினமும் மழை வரும் என்று சொல்பவனும் ஒருநாள் சரியாகத்தான் சொல்வான். அதற்காக அவனை வானிலை அவதானி என்று எவரும் அழைப்பதில்லை.

விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை வாதம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஐக்கிய அமெரிக்காவில் 2017 மார்ச்சில் ஸ்விட்ச் அறிமுகமானபோது விலை 300 டொலர். ஸ்விட்ச் 2 வந்தபோது 450 டொலர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைக்கு வாங்கும் தகப்பனுக்கு அது விளையாட்டுத் தொகையல்ல. இன்றே வாங்குவதா, புதியது வரும்வரை பொறுப்பதா என்று அவர் முடிவெடுப்பது இந்தச் செய்திகளைப் படித்துத்தான். வராத "புரோ"வுக்காகக் காத்திருந்தவரின் மாதங்களை எந்த இணையத்தளம் திருப்பிக் கொடுக்கும்?

நிறுவனமும் உத்தமர் அல்ல. பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பத்தொன்பது மாதங்கள் வாய்மூடியிருப்பது இரகசியம் காப்பதற்கு மாத்திரமல்ல. அந்த மௌனமே செலவில்லாத விளம்பரமும் ஆகும். ஊகக்காரருக்கு வாசகர் கூட்டம், வியாபாரிக்கு எதிர்பார்ப்பு. இரு தரப்பும் இலாபமடைய, நட்டப்படுபவன் வாசகன் ஒருவனே.

ஆகவே எனது கோரிக்கை எளியது. ஒரு தகவலை யார் சொன்னார் என எழுத முடியாவிட்டால், அவரது பெயரை ஏன் மறைக்கிறீர்கள் என்பதையாவது எழுதுங்கள். நீங்கள் தேடிப் பெற்றதையும் பிறரிடமிருந்து பிரதிபண்ணியதையும் வேறுபடுத்திக் காட்டுங்கள். பிழைத்துப்போனால், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். இம்மூன்றும் அச்சுக்கூடக் காலத்துப் பழைய விதிகள்தான். கருவிகள் எத்தனை புதிதாக வந்தாலும் இவை பழுதாவதில்லை.

வாசகர்களுக்கும் ஒன்று. அடுத்தமுறை "எதிர்பார்க்கப்படுகிறது" என்று படிக்கும்போது, எதிர்பார்ப்பவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.