நரியா, பரியா?

எங்கள் ஆவுடையார்கோவிலின் பழைய பெயர் திருப்பெருந்துறை. குதிரை வாங்கப் பாண்டிய மன்னன் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் கோயில் திருப்பணிக்குச் செலவழித்த ஊர். பிறகு நடந்தது தெரிந்த கதைதான். நரிகள் பரிகளாகி மதுரைக்குப் போயின. மன்னன் நேரில் பார்த்தான், மகிழ்ந்தான், லாயத்தில் கட்டச் சொன்னான். நள்ளிரவில் அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் முன்பே நின்ற நல்ல குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் கேஷ் தொடர்பான மாற்றம் எதையாவது ரிவ்யூ செய்ய உட்கார்ந்தால் எனக்கு அந்த லாயம்தான் நினைவுக்கு வரும். ஒருமுறை தேடி எடுத்த விடையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதே கேள்வி வரும்போது திரும்பத் தேடாமல் எடுத்துக் கொடுப்பதுதான் கேஷ். தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், வேகமும் கூடியிருக்கும். கூட்டம் வந்த பிறகுதான் கடி விழும்.

2023 மார்ச் 20 அன்று அப்படி விழுந்தது. சாட்ஜிபிடியைத் திறந்த சிலருக்கு, யாரோ நடத்திய உரையாடல்களின் தலைப்புகள் தெரிந்தன. ஓப்பன்ஏஐ சேவையையே நிறுத்திவிட்டுத் தேடியது. பைத்தான் நிரல்கள் ரெடிஸ் என்ற கேஷோடு பேச உதவும் ரெடிஸ்-பை என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியில் பழுது இருந்தது. கேள்வி போன பிறகு, பதில் வருவதற்குள் அது ரத்தானால், அந்த இணைப்பை மூடாமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டது நிரல். முந்தையவரின் பதில் அடுத்தவர் கைக்குப் போனது. அன்று ஒன்பது மணி நேர இடைவெளியில் சேவையைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் பெயர், மின்னஞ்சல், கார்டின் கடைசி நான்கு எண்கள் போன்றவை பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது.

ரிவ்யூ செய்பவர்களுக்கு இதைவிட முக்கியம், அடுத்து நடந்தது. ரெடிஸ்-பையின் 4.5.3 பதிப்பில் திருத்தம் வந்தது. பல கட்டளைகளைச் சேர்த்து அனுப்பும் 'பைப்லைன்' வழி அடைபட்டது. மற்ற வழிகளில் ஓட்டை அப்படியே கிடந்தது. 4.5.4 வந்துதான் அதை அடைத்தது. முதல் திருத்தத்தில் எழுதியிருந்தது தவறில்லை. எழுதாமல் விட்டதில்தான் வினை.

ஆகவே கேஷ் மாற்றம் வந்தால் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். முதலாவது, விடையை எந்தச் சாவியில், அதாவது திரும்பத் தேடி எடுக்க எந்தப் பெயரில், சேமிக்கிறாய்? அறந்தாங்கி பஸ் எத்தனை மணிக்கு என்பது எல்லாருக்கும் ஒரே பதில். 'அறந்தாங்கி' என்ற சாவியே போதும். பிளஸ் டூ மதிப்பெண்ணை 'மதிப்பெண்' என்ற சாவியில் வைத்தால், முதலில் பார்த்த பிள்ளையின் மார்க்கே ஊருக்கெல்லாம் வரும். பதிவெண்ணும் சாவியில் இருக்க வேண்டும். 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. தவறான கேஷ் அமைப்பால் ஒருவரின் கணக்குப் பக்கம் இன்னொருவருக்குப் போயிற்று. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 34,000 பேர்.

இரண்டாவது, பஸ் நேரம் மாறினால் பழையதை யார் அழிப்பது? 'பத்து நிமிடத்தில் தானே காலாவதியாகும்' என்பது பஸ்ஸுக்குச் சரி. வங்கி இருப்புக்குச் சரிவராது.

மூன்றாவது, வேலை பாதியில் அறுந்தால் என்ன ஆகும்? ரெடிஸ்-பை சறுக்கிய இடம் இதுதான். பெரும்பாலோர் கேட்காமல் விடும் கேள்வியும் இதுதான்.

இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரிய கம்பெனி அடையாள அட்டை வேண்டாம். ஓப்பன் சோர்ஸில் நிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்தே இருக்கிறது. பஞ்சமில்லாமல் கிடைப்பது நிரல் எழுதும் கை. பொறுமையாகப் படிக்கும் கண்ணுக்குத்தான் பஞ்சம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் கூட அந்த வேலைக்கு வரலாம், வர வேண்டும். வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்பதையும், ஒருவர் பாதியில் விலகுவதையும் சோதிக்கும் டெஸ்ட் இல்லாமல் வரும் கேஷ் மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுக்காதீர்கள்.