கூரை உள்ளவனுக்கே கதிரவனா?

கதிரவன் ஏழை என்றும் பணக்காரன் என்றும் பார்த்துக் காய்வதில்லை. ஆனால் அவன் ஒளியை மின்சாரமாக்கிக்கொள்ளும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒரேவிதமாகக் கிடைத்திருக்கிறதா? நம் நாட்டில் வீட்டுக்குச் சோலார் தகடு நேற்று வாங்கியவர் யார், இன்று வாங்குகிறவர் யார், விரும்பியும் வாங்க முடியாதவர் யார் என்று கேட்டுப் பார்த்தால் விடை தானே விளங்கும். விஞ்ஞான மாணவர்களாகிய நாம் தகட்டின் திறனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அதை வாங்கும் மனிதரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கன் மின்கலத்தைக் காட்டியபோது, அதன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்குதான் மின்சாரமாயிற்று. இன்று கடையில் கிடைக்கும் தகடு நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் தருகிறது. விலையோ பன்மடங்கு வீழ்ந்துவிட்டது. விலை வீழ வீழ, வாங்குகிறவரும் மாறினார்.

முதலில் வாங்கியவர் செல்வர் அல்லர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மின்கம்பி எட்டாத சிற்றூர்களில் இருந்தவர்களே அவர்கள். 1995-இல் ஹரிஷ் ஹண்டே அவர்கள் மற்றொருவருடன் சேர்ந்து தொடங்கிய செல்கோ நிறுவனம், கர்நாடகத்துக் கிராமங்களில் இரண்டு மூன்று விளக்கு எரியப் போதுமான சிறு தகடுகளை வங்கிக் கடனில், தவணை முறையில் விற்றது. 2011-இல் ஹண்டே அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்நாளைய வாடிக்கையாளர் சோலார் விலையை மண்ணெண்ணெய் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு வேண்டியது வெளிச்சம்.

பின்னர்க் கம்பி வந்தது. எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் சென்றுவிட்டதென 2018 ஏப்ரலில் மத்திய அரசாங்கம் அறிவித்தது. அதற்குள் இன்னொரு வாடிக்கையாளர் தோன்றிவிட்டார். அவர் பெரிய வீட்டுக்காரர். குளிர்சாதனம் ஓடும் வீடு அவருடையது. பல மாநிலங்களில் செலவு ஏற ஏற யூனிட் கட்டணமும் ஏறுவதால், மிகுதியாகக் கட்டுகிறவருக்கே மிச்சமும் மிகுதி. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுத்து, இரவில் எடுத்ததோடு கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் அவருக்குக் கைகொடுத்தது. எனினும் அவர் ஒருவரை நம்பி எவ்வளவு தூரம் போக முடியும்? 2022-க்குள் கூரைகளில் 40,000 மெகாவாட் என்று வகுத்த இலக்கு எட்டப்படவில்லை.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டம் மூன்றாவது வாடிக்கையாளரை நாடிற்று. ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. ஈடு கேட்காத கடனும் உண்டு. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஆகவே மூன்று கிலோவாட் இருந்தால் மாதம் 300 யூனிட்டுக்கு மேல் கிடைத்துவிடும். ஆசிரியர், குமாஸ்தா, ஓய்வூதியர், சிறு கடைக்காரர் ஆகியோர் இப்போது கடன் தவணையையும் மின்கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறார்கள். இது நல்ல மாறுதல், மறுப்பதற்கில்லை.

ஆனால், இந்த மூன்றாம் வாடிக்கையாளருக்கும் ஒரு தகுதி தேவைப்படுகிறது: சொந்தக் கூரை! மூன்று கிலோவாட்டுக்கு நிழல் விழாத 300 சதுர அடி வேண்டும். தலைநகரில் வாழும் நம்மவரைப் பாருங்கள். எத்தனை பேருக்கு அது உண்டு? எங்கள் குடும்பம் இந்நகருக்கு வந்தபின் நான்கு வீடு மாறியிருக்கிறது. நான்கிலும் மின்கட்டணம் கட்டியவர்கள் நாங்கள். மொட்டை மாடிச் சாவி வைத்திருந்தவர் வீட்டுக்காரர். கட்டணம் கட்டாத வீட்டுக்காரருக்குத் தகடு போட ஆவல் இல்லை. கட்டணம் கட்டும் குடித்தனக்காரருக்குப் போட இடம் இல்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பி இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் பொருளை யார் வாங்குவார்? மயூர் விஹார் போன்ற இடங்களில் அடுக்கு வீடு வாங்கியவர் நிலையும் ஏறத்தாழ இதுதான். குடியிருப்புச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு என்பது மெய். அது பொது விளக்குக்கும் லிஃப்டுக்கும் பம்புக்கும் உதவும். மூன்றாம் மாடிக்காரரின் ரசீதைக் குறைக்காது.

இழப்பு இவ்வளவோடு நிற்குமா? கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் ஆகும் செலவு, கூரைக்காரர் குறைவாக வாங்குவதால் குறைந்துவிடுவதில்லை. மிகுதியாகக் கட்டியவர்கள் ஒவ்வொருவராக விலகினால், எஞ்சியவர் தலையில்தான் அந்தச் சுமை ஏறும். “கூரைச் சோலாரே இன்னும் சிறு பங்குதானே, இப்போது ஏன் இந்தக் கவலை?” என்று சிலர் கேட்கலாம். சிறிதாக இருக்கும்போதே விதியைச் செம்மைப்படுத்துவது எளிது என்பதே என் விடை.

வழி இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் தகடுகளை அமைத்து, அதன் விளைச்சலைப் பலருடைய மீட்டர்களில் பங்கிட்டு வரவு வைக்கும் முறைக்கு தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. அந்தப் பங்கைக் குடித்தனக்காரரும் எளிதாக வாங்க வழி செய்ய வேண்டும். வீடு மாறினால், சமையல் வாயு இணைப்பைப்போல அதுவும் கூடவே வர வேண்டும். பள்ளிக்கூடங்களின் கூரைகளும் அரசாங்கக் கட்டடங்களின் கூரைகளும் அதற்குப் போதாவா?

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை மின்கலம் செய்வோம்; சிலர் சட்டம் படிப்போம்; சிலர் அரசாங்கப் பணிக்குப் போவோம். எங்கே போனாலும், வாங்குகிறவர் எத்தனை பேர் என்று எண்ணும்போது, வாங்க முடியாதவரையும் சேர்த்தே எண்ணுவோம். கூரை ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம், கதிரவன் அப்படியல்லன்.