பத்துச் சொல்லில் ஒரு மாயக்கதை

பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைப் பத்துச் சொல்லுக்குள் அடக்க முடியுமா? இதோ: ‘பிணத்தைச் சுமக்கிறான் அரசன், வாய் திறந்தால் பிணம் மரத்துக்குப் போய்விடும்.’ எட்டே சொல்தான். வேதாளம் சொன்ன 25 கதைகளும் இதில் தொங்குகின்றன. சிம்மாசனத்து 32 பதுமைகளுக்கு இடமில்லை. அவை கோபித்துக்கொண்டால் இன்னொரு பத்துச் சொல் கொடுத்துவிடலாம்!

வாசக அன்பர்களே, இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். தோட்டத்து லயத்திலிருந்து கிள்ளான் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த எத்தனையோ வீடுகளில் இன்று ஒரு காட்சி. பேரன் ஹாரி பாட்டர் நூல்கள் ஏழையும் ஆங்கிலத்தில் படித்து முடித்திருக்கிறான். “என்னடா கதை அது?” என்று பாட்டி ஆசையாய்க் கேட்கிறாள். “உங்களுக்குப் புரியாது பாட்டி” என்று சொல்லிவிட்டுப் போகிறான் பையன். பகலெல்லாம் பால்மரம் வெட்டிவிட்டு, இரவில் லயத்து வாசலில் பூதத்தையும் ராட்சசனையும் வரவழைத்துக் காட்டியவளுக்கா புரியாது?

அவனைப் பத்துச் சொல்லில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘தாய் தகப்பனைக் கொன்ற மந்திரவாதியால் பிள்ளையை மட்டும் கொல்ல முடியவில்லை.’ பாட்டி சும்மா இருப்பாளா? “ஏன் முடியலை?” என்பாள். “தாய் குறுக்கே நின்று உயிரைக் கொடுத்ததால்” என்று அவன் சொல்லியாக வேண்டும். 1997இல் இங்கிலாந்தில் வெளிவந்த கதை அந்த இடத்தில் நம் வீட்டுக் கதையாகிவிடும்.

இதற்கு இரண்டு விதிகள் போதும். கதையின் பெயரையும் ஆள்களின் பெயரையும் சொல்லக்கூடாது. முடிவையும் சொல்லக்கூடாது, ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும். அலாவுதீன் வேண்டாம். ‘விளக்கு’ என்ற மாத்திரத்தில் மூன்று வயதுக் குழந்தையும் சொல்லிவிடும்.

மலாய்ப் பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: ‘கணவன் ஊரில் இல்லை; மனைவி வெளியேறாதபடி கிளி கதை சொல்லுகிறது.’ ஹிக்காயாட் பாயான் பூடிமான்தான் அது. வடமொழியில் கிளி சொன்ன 70 கதைகள், பாரசீகத்தைச் சுற்றிக்கொண்டு மலாய்க்கு வந்து சேர்ந்தவை. பாட்டிக்கு மலாய் நூலின் பெயர் தெரியாமல் இருக்கலாம். கிளி தெரியாமல் இருக்காது.

படம் பார்த்தே கதை பிடித்தவர்களும் உண்டு. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இப்போது வருவதில்லை. அதில் வாளேந்திய விக்கிரமனையும் அவன் தோளில் வேதாளத்தையும் வரைந்த ஓவியர் சங்கர் 2020இல் மறைந்தார். அவர் பத்துச் சொல்கூடக் கேட்கவில்லை, ஒரு படமே போதுமாக இருந்தது.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்: ‘கண் விழித்தான், உடம்பெல்லாம் கயிறு, கட்டியவர்கள் சாண் உயரம்கூட இல்லை.’

யார் முதலில் சொல்கிறார்கள், பேரனா பாட்டியா?