ஹேக் ஆன வலைப்பூவை மீட்பது எப்படி? ‘பேக்கப்’ போட்டால் மட்டும் ஏன் போதாது?

காலையில் போனில் உங்கள் வலைப்பூவைத் திறக்கிறீர்கள். நேற்று எழுதிய பதிவு இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம். மெயிலைப் பார்த்தால், ‘உங்கள் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது’ என்கிறது ஹோஸ்டிங் நிறுவனம். பல வருஷமா எழுதினது எல்லாம் போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. ஆனால், பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் நிஜமாகவே போய்விடும்.

‘என் சின்ன பிளாக்கை யார் குறிவைப்பாங்க?’

யாரும் உங்களைத் தனியாகக் குறிவைப்பதில்லை. ஓட்டை இருக்கும் தளங்களைத் தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கின்றன. 2017-ல் நடந்தது நல்ல உதாரணம். அந்த ஆண்டு ஜனவரி 26 அன்று வேர்ட்பிரஸ் 4.7.2 பதிப்பு வெளியானது. பாஸ்வேர்டே இல்லாமல் பதிவுகளை மாற்ற வழிவிட்ட ஓட்டையை அது அடைத்தது. சில நாட்கள் கழித்துத்தான் அந்த ஓட்டை பற்றிய விவரத்தை வெளியே சொன்னார்கள். அதன் பிறகு அப்டேட் செய்யாத தளங்களில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சிதைக்கப்பட்டன. தானாக அப்டேட் ஆகும் வசதியை அணைக்காமல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

சில நேரம் ஓட்டை இருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. 2011-ல் சிக்கிய ‘டிம்தம்ப்’ என்ற படம் சுருக்கும் நிரல், பல தீம்களுக்குள் சேர்ந்தே வந்தது. 2014-ல் ‘ஸ்லைடர் ரெவல்யூஷன்’ பிளகின் கதையும் அதேதான். அதன் வழியாகப் பரவிய தாக்குதலால் 11,000-க்கும் மேற்பட்ட தளங்களை கூகுள் தடுத்து வைத்தது.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் என்ன சிக்கல்?

ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருப்பதுதான் ஷேர்டு ஹோஸ்டிங். அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி. வாடகை குறைவு. கட்டிடத்தைப் பராமரிப்பது நிறுவனத்தின் வேலை; உங்கள் வீட்டுப் பூட்டு உங்கள் பொறுப்பு.

ஒழுங்காக நிர்வகிக்கப்படும் சர்வரில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவது எளிதல்ல. நிஜமான ஆபத்து உங்கள் கணக்குக்கு உள்ளேயே இருக்கிறது. ஒரே கணக்கில் வலைப்பூ, நண்பரின் தளம், எப்போதோ சோதனைக்காகப் போட்டு மறந்த தளம் என்று மூன்று இருந்தால், மூன்றும் ஒரே வீட்டின் மூன்று அறைகள். மறந்துபோன அறை வழியாக நுழைந்தவர் மற்ற இரண்டுக்கும் போகலாம். அதனால், ஒன்றை மட்டும் சுத்தம் செய்தால் சில நாட்களில் பழைய கதை திரும்பும்.

பேக்கப் ஏன் போதாது?

ஹேக்கர்கள் வழக்கமாக ‘பேக்டோர்’ எனப்படும் கொல்லைப்புற வாசலை விட்டுவிட்டுத்தான் போவார்கள். அதை வைத்துப் பல வாரங்கள் கழித்து ஸ்பேமை அவிழ்த்துவிடுவதும் உண்டு. போன வார பேக்கப்பில் அந்த வாசலும் இருந்தால், அதையும் சேர்த்துத்தான் மீட்கிறீர்கள். பேக்கப் சுத்தமாகவே இருந்தாலும், முதலில் நுழையவிட்ட பழைய பிளகின் அதில் அப்படியே இருக்கும்.

சரி, என்னதான் செய்றது?

இங்கே ஒரு அடிப்படை தெரிந்தால் பயம் பாதி குறையும். வேர்ட்பிரஸில் உங்கள் பதிவுகளும் கருத்துகளும் டேட்டாபேஸில் இருக்கின்றன. படங்கள் ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் இருக்கின்றன. மற்ற புரோகிராம் ஃபைல்கள் எல்லாம் புதிதாக டவுன்லோட் செய்யக்கூடியவை. காப்பாற்ற வேண்டியவை இரண்டே இரண்டுதான்.

1. எதையும் அழிக்கும் முன், ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டையும் அப்படியே நகலெடுங்கள். கெட்டுப்போன நகலாக இருந்தாலும் பரவாயில்லை. பதிவுகளுக்கு அதுதான் காப்பீடு.

2. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பாதிக்கப்பட்ட ஃபைல்களின் பட்டியல், சர்வர் லாக், அவர்களிடம் உள்ள பழைய பேக்கப். லாக்குகள் நீண்ட நாள் இருக்காது. அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

3. வைரஸ் இல்லாத கணினியிலிருந்து ஹோஸ்டிங், எஃப்டிபி, டேட்டாபேஸ், அட்மின், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கான்ஃபிக் ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். உள்ளே இருப்பவர் புதியதையும் படிக்கலாம். ஆகவே சுத்தம் செய்து முடித்ததும் அதை இன்னொரு முறை மாற்றுங்கள்.

4. வேர்ட்பிரஸ், தீம், பிளகின் ஃபைல்களை நீக்கி, அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து புதியவற்றைப் போடுங்கள். ‘இலவசமாகக் கிடைத்த’ கட்டணத் தீம் என்றால் அதற்கு டாட்டா சொல்லிவிடுங்கள். ஃபைலின் தேதியை மட்டும் நம்பாதீர்கள், அதையும் மாற்றி வைக்கலாம்.

5. ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் படங்களுக்கு நடுவே பிஎச்பி ஃபைல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கான்ஃபிக், எச்டிஅக்சஸ் ஃபைல்கள், கிரான் வேலைகள், டேட்டாபேஸில் தெரியாத அட்மின் பெயர்கள், பதிவுகளுக்குள் நுழைந்த ஸ்கிரிப்ட் ஆகியவற்றையும் பாருங்கள்.

6. கான்ஃபிக் ஃபைலில் உள்ள ரகசியச் சாவிகளை மாற்றுங்கள். ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பவர்கள் எல்லோரும் வெளியேற்றப்படுவார்கள்.

இதே கணக்கில் உள்ள மற்ற தளங்களுக்கும் இதே வேலையைச் செய்ய வேண்டும். பயன்படுத்தாத தளத்தை நகலெடுத்துவிட்டு நீக்குவதே நல்லது.

‘எனக்குச் சரியாத்தானே தெரியுது?’

அதை நம்ப முடியாது. கூகுளுக்கும், தேடல் வழியாக வருபவர்களுக்கும், சில சமயம் போனில் வருபவர்களுக்கும் மட்டும் ஸ்பேம் காட்டுவது பழைய தந்திரம். கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் பக்கங்களை மட்டும் வரவழைத்து, நீங்கள் எழுதாத தலைப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்திருந்தால், முழுக்கச் சுத்தம் செய்த பிறகு சர்ச் கன்சோலில் மறுஆய்வு கேட்கலாம். அரைகுறையாக முடித்துவிட்டுக் கேட்டால் நிராகரிக்கப்படும்.

நகலே இல்லையென்றால்?

இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் தேடுங்கள். ஆர்எஸ்எஸ் ரீடர்களிலும், மெயிலில் பதிவுகளைப் பெற்றவர்களின் இன்பாக்ஸிலும் பழைய பதிவுகள் கிடைக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் எழுத்து திரும்பக் கிடைக்கும்.

இனி ஒரு பேக்கப்பாவது அந்த ஹோஸ்டிங் கணக்குக்கு வெளியே இருக்கட்டும். வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் என்ன பயன்?