கடற்கரையில் ஒரு கடை வாங்கலாமா?



காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையிலிருந்து சகோதரர் ஒருவர் எழுதிய மடல் இம்மாதம் நம் கைக்கு வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துத் தாயகம் திரும்பியவர் அவர். கையில் 36 இலட்சம் ரூபாய் இருக்கிறது. வட்டிக்கு அஞ்சி அதனை வைப்புத் தொகையாகப் போடாமல் வைத்திருக்கிறார். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு கடை 40 இலட்சத்துக்கு விலைக்கு வருகிறதாம். "மாதம் 18 ஆயிரம் வாடகை உறுதி, ஊரெல்லாம் வெளிநாட்டார்" என்கிறார் தரகர். குறைவதை ஈடுகட்ட மனைவியின் நகைகளை விற்கலாமா என்பது அவருடைய கேள்வி. நான்கு ஆண்டுகளில் மகளுக்கு நிக்காஹ் செய்ய வேண்டும் என்ற செய்தியை மடலின் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறார். நம் பார்வையில் அந்த மடலின் முதல் வரியாக இருக்க வேண்டியது அதுவே.

வணிகத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுத்த மார்க்கம் நம்முடையது. கட்டடத்தை வாடகைக்கு விட்டுப் பிழைப்பது தூய வருவாய், அதில் ஐயமில்லை. ஆயினும் வட்டி கலவாதது என்ற ஒரே காரணத்தால் ஒரு முதலீடு நல்ல முதலீடு ஆகிவிடாது. ஹலாலான வழியிலும் பொருளை இழக்கலாம். ஆகவே சகோதரருக்கு மட்டுமன்றி, இதே எண்ணத்தில் இருக்கும் பிறருக்கும் பயன்படும் என்று கருதி, இம்மடலுக்கு இப்பகுதி முழுவதையும் ஒதுக்குகிறோம்.

பார்க்க வருவோரும் வாங்க வருவோரும்

காஞ்சிபுரத்தில் பிறந்தவருக்குக் கடைத்தெருவைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்தி சாலைக்குப் பட்டெடுக்க வருபவர் வீட்டிலேயே பட்டியல் எழுதி, பணத்தை எடுத்துவைத்து, குடும்பத்தோடு வண்டி ஏறுகிறார். வாங்குவதற்கென்றே வருகிறார். முகூர்த்த மாதங்களில் நெரிசலும் மற்ற மாதங்களில் மந்தமும் அங்கும் உண்டு. ஆனால் திருமணம் என்ற தேவை எந்த ஆண்டிலும் நின்றுவிடுவதில்லை.

கடற்கரைத் தெருவின் இயல்பு வேறு. அங்கு வருபவர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் அலைகளையும் பார்க்க வருகிறார். சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர்; காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவோர் பலர். தங்குவோரிலும் வசதி படைத்தவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பெரிய விடுதிகளுக்குள்ளேயே உண்டு, உள்ளேயே பொருள் வாங்கிக்கொள்கின்றனர். தெருக்கடைக்குக் கிடைப்பது எஞ்சியோரின் எஞ்சிய காசு. அதுவும் டிசம்பர் முதல் மார்ச் வரை செழிப்பாகவும், வெயிலேறியபின் வார இறுதிகளில் மட்டும் சுமாராகவும் இருக்கும். ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை நண்பகலில் அத்தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். தரகர் சொல்லாததை அந்த நடை சொல்லும்.

உலகப் புகழும் அன்றாட வாடகையும் ஒன்றல்ல. மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 2004 டிசம்பர் 26 அன்று அதே கடல் ஆழிப்பேரலையாய் எழுந்து கரையோரத்தைச் சிதைத்தது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தபோது ஊர் உலகச் செய்தியாயிற்று. ஐந்தே மாதங்களில், 2020 மார்ச் 17 அன்று, கொரோனா காரணமாகத் தொல்லியல் துறை நாடெங்கும் நினைவுச் சின்னங்களை மூடியது. 2021-22-ஆம் ஆண்டில் வெளிநாட்டார் மிகுதியாக வந்த தொல்லியல் சின்னம் என்று தாஜ்மஹாலையும் முந்தி மாமல்லபுரம் முதலிடம் பெற்றது. ஆனால் அந்த ஆண்டில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டாரே மிகக் குறைவு. வெறிச்சோடிய சந்தையில் முதலிடம் பெறுவதால் உலை கொதிக்குமா?

கடையின் வாடகை சுவரிலிருந்து வருவதில்லை. வாடகைதாரரின் கல்லாப் பெட்டியிலிருந்து வருகிறது. அவர் பன்னிரண்டு மாதமும் விற்றால்தான் நமக்குப் பன்னிரண்டு மாதமும் வாடகை. கடையை விலை பேசுமுன் அந்தக் கல்லாவின் ஓராண்டு வாழ்க்கையை விசாரித்தறிவது முதற்கடமை.

நிலத்தின் மேல் இரண்டு கோடுகள்

இவ்வூரில் மனை வாங்குவோர் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோடுகளை அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, தொல்லியல் கோடு. மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதி. 1992-இல் அறிவிக்கையாக வந்த இவ்விதி, 2010-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் மேலும் இறுக்கப்பட்டது. தடைப் பகுதியில் பழைய கடையைப் பழுதுபார்க்கவும் அனுமதி பெற வேண்டும். "மேலே ஒரு மாடி எழுப்பி அறைகளாக விடலாம்" என்று தரகர் சொன்னால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மற்றொன்று, கடற்கோடு. 1991 பிப்ரவரியில் வெளிவந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. ஊர்ப்புறப் பகுதிகளில் 200 மீட்டராக இருந்த கட்டடமில்லாப் பரப்பை, மக்கள் நெருக்கமுள்ள இடங்களுக்கு 50 மீட்டராகக் குறைத்தது 2019 அறிவிக்கை. உங்கள் மனை எந்த வகையில் விழுகிறது என்பதைக் கடலோர மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணைக் கொண்டு பார்த்தறிய வேண்டுமேயன்றி, வாய்ச்சொல்லை நம்பலாகாது.

இவற்றோடு தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கோயில் நிலமோ வக்ஃபு நிலமோ அல்ல என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். காஞ்சிபுரத்தார்க்கு இதன் அருமை தெரியும். அல்லாஹ்வுக்கென்று ஒதுக்கப்பட்ட வக்ஃபை அறியாமல் வாங்கிவிட்டு, மறுமையிலும் நீதிமன்றத்திலும் பதில் சொல்லும் நிலை நமக்கு வேண்டாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சகோதரர் எழுதிய தொகையையே எடுத்துக்கொள்வோம். கடையின் விலை 40 இலட்சம். தமிழகத்தில் 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து நூற்றுக்கு 9. ஆக 3 இலட்சத்து 60 ஆயிரம். வழக்கறிஞர், தரகர், சில்லறைச் செப்பனிடல் என்று 40 ஆயிரம் வையுங்கள். மொத்தம் 44 இலட்சம்.

மாதம் 18 ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 2 இலட்சத்து 16 ஆயிரம். ஆள் மாறும் இடைவெளி, மந்த காலத்து நிலுவை இவற்றுக்கு இரண்டு மாதம் கழித்தால் 1 இலட்சத்து 80 ஆயிரம். சொத்துவரியும் பராமரிப்பும் 25 ஆயிரம். உப்புக் காற்று இரும்புக் கதவைத் தின்னும் வேகம் காஞ்சியில் இருப்போர் அறியாதது. எஞ்சுவது 1 இலட்சத்து 55 ஆயிரம். போட்ட முதலுக்கு நூற்றுக்கு மூன்றரை. வருமான வரி இதற்கு மேல். நிலத்தின் விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஆனால் நிக்காஹுக்குத் தேதி குறித்தபின் கடையை விற்க நினைத்தால், வாங்குவோர் அந்த அவசரத்தை முகத்திலேயே படித்துவிடுவர்.

யாருக்கு விடுவது?

இக்கேள்வியைப் பலர் வாங்கியபின்தான் கேட்கின்றனர். மது விற்கும் கடைக்கோ வட்டிக் கடைக்கோ விடக்கூடாது என்பது எல்லோரும் அறிந்தது. மாமல்லபுரத்தில் இன்னுமொன்று உண்டு. அவ்வூரின் தலையாய தொழில் கற்சிற்பம். அரசினர் சிற்பக் கல்லூரியே 1957-இல் அங்குத் தொடங்கப்பட்டது. அச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அத்தொழில் செய்யும் சகோதர சமயத்தார் நம் மதிப்புக்குரியவர்கள். அவர்கள் தொழில் அவர்களுக்கு. ஆனால் வழிபாட்டுச் சிலைகள் விற்கும் கடைக்கு நம் கட்டடத்தை வாடகைக்கு விடுவது பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் முன்னதாகவே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கூடாது என்பது அவர் முடிவானால், வாடகைக்குக் கேட்டு வருவோரில் பெரும் பகுதியினரை நீங்கள் திருப்பி அனுப்ப நேரும். கடை பூட்டிக் கிடக்கும் மாதங்கள் கூடும். மேற்கண்ட கணக்கு மேலும் சுருங்கும். துணி, தோல் பொருள், சிற்றுண்டி விற்போரும், கைவினைப் பொருள் விற்கக் காஷ்மீரத்திலிருந்து வந்து கடை பிடித்திருக்கும் நம் சகோதரர்களும் அங்கு உண்டு. அவர்கள் எத்தனை பேர், எத்தனை மாதம் தங்குவர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

எழுத்தும் முன்பணமும்

திருமறையின் மிக நீண்ட வசனம், தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. நம்மவரோ "அவர் நம்மாள்தானே" என்று வாய்மொழியில் கடையைக் கொடுத்துவிட்டுப் பின்னர்ப் பகைமையைச் சம்பாதிக்கின்றனர். தமிழகத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யப்பட வேண்டும்.

முன்பணத்தை அச்சட்டம் மூன்று மாத வாடகை அளவில் வைக்கிறது, இருவரும் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி. பெருந்தொகையை முன்பணமாக வாங்கி, அதற்கீடாக வாடகையைக் குறைப்பதும், முழுதும் ஒத்திக்கு விடுவதும் நம் பகுதிகளில் பரவியிருக்கும் வழக்கங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை கடனே. கடனுக்காகப் பெறும் சலுகை வட்டியின் சாயல் என்று உலமாக்கள் பலர் எச்சரிக்கின்றனர். வாசல் வழியே வெளியேற்றிய வட்டியைச் சன்னல் வழியே உள்ளே விட வேண்டாம். முன்பணம் நம்மிடம் உள்ள அமானிதம் என்றே கருதி, அதை மகளின் சீர்வரிசைக்கு எடுத்துவிடாமல் வையுங்கள்.

வாடகையைப் பருவத்துக்கேற்பப் பிரிப்பது கடலோரத்தில் நல்ல வழி. டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதம் 25 ஆயிரம், மற்ற எட்டு மாதம் 14,500 என்று எழுதினாலும் ஆண்டுக்கு அதே 2 இலட்சத்து 16 ஆயிரந்தான். தொகை முன்கூட்டியே தெளிவாக இருப்பதால் மார்க்கச் சிக்கலில்லை. வாடகைதாரர் மந்த காலத்தில் மூச்சுவிடுவார், ஓடிப்போகமாட்டார். அவர் வயிறு வாடாமல் வரும் வாடகையில்தான் பரக்கத் இருக்கும்.

ஜகாத்

வாடகைக்கென வாங்கிய கட்டடத்தின் மதிப்பின் மீது ஜகாத் இல்லை; கையில் சேர்ந்து ஓராண்டு நிறைவுற்ற வாடகைப் பணத்தின் மீது நூற்றுக்கு இரண்டரை என்று 1985-இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய சட்டவியல் பேரவை முடிவு செய்தது. விலையேறியதும் விற்றுவிடும் நிய்யத்தில் வாங்கியிருந்தால் அது வணிகச் சரக்கு. ஆண்டுதோறும் சந்தை மதிப்பின் மீது ஜகாத் கணக்கிட வேண்டும். ஆகவே பத்திரத்தில் கையெழுத்திடுமுன் உள்ளத்தின் நிய்யத்தையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நம் மறுமொழி

சகோதரரே! நகைகள் உங்கள் துணைவியாரின் உடைமை. அவர் மனமுவந்து தந்தாலன்றி அதில் உங்களுக்கு உரிமையில்லை. முகம் சுளிக்காமல் தலையாட்டுவதை மனமுவந்த சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே அமர்ந்து, மேற்கண்ட நூற்றுக்கு மூன்றரைக் கணக்கை அவருக்குச் சொல்லி, அதன்பின் கேளுங்கள்.

நிக்காஹுக்கு வேண்டிய தொகையை முதலில் தனியே எடுத்து வையுங்கள். மீதமுள்ளதற்குள் அடங்கும் சிறு கடையாகப் பாருங்கள். அல்லது நம்பிக்கையான இருவர் மூவர் கூடி, பங்கை எழுத்தில் குறித்து வாங்குங்கள். மாமல்லபுரந்தான் வேண்டுமென்றால், கடலைப் பார்த்த தெருவை விட்டுவிட்டு, அவ்வூர் மக்கள் அரிசியும் மருந்தும் பள்ளிக் குறிப்பேடும் வாங்கும் தெருவில் தேடுங்கள். மீனவரும் சிற்பியும் விடுதிப் பணியாளரும் ஆண்டு முழுவதும் அங்கேதான் வாழ்கின்றனர். வாடகை சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு மாதமும் வரும்.

ஓராண்டு பொறுத்து, பருவத்திலும் மந்தத்திலும் சென்று பாருங்கள். ஆலோசனை கேட்டு, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். இருபத்திரண்டு ஆண்டு வியர்வையைத் தரகரின் ஒரு வார அவசரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். வல்ல அல்லாஹ் உங்கள் பொருளிலும் இல்லத்திலும் பரக்கத் செய்வானாக! மகளின் நிக்காஹ் அழைப்பிதழை நாம் எதிர்பார்த்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.