பித்தளை ஃபில்டர் இருக்க பீங்கான் டிரிப்பர் எதற்கு? - வாங்கும் முன் ஒரு கணக்கு

காலை ஏழு மணி. காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அடுப்படி மேடையில், ராத்திரியே போட்டு வைத்த ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கி நிற்கிறது. பக்கத்திலேயே நேற்று கூரியரில் வந்த ஒரு வெள்ளைப் பீங்கான் கூம்பு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிற மகன் ஆன்லைனில் ஆர்டர் போட்டது. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னடா இது, அடியில ஓட்டை இருக்கிற கப்பு?" என்கிறார்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்த மகனிடம் பதில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். 'போர் ஓவர்' காபி ரீல்ஸ்களில் அழகாக இருக்கிறது. அதைப் பார்த்து டிரிப்பர், நீண்ட மூக்குள்ள கெட்டில், டிஜிட்டல் தராசு என்று ஒவ்வொன்றாக வாங்குகிறவர்கள் பலர். இரண்டு மாதம் கழித்து அதெல்லாம் பரணுக்குப் போகிறது.

நேராகவே சொல்லிவிடலாம். பீங்கான் டிரிப்பர் நல்ல பொருள்தான். ஆனால் முதலில் வாங்க வேண்டிய பொருள் அது இல்லை. பாலும் சிக்கரியும் சேர்ந்த காபிதான் உங்களுக்கு உயிர் என்றால், வாங்கவே வேண்டாம்.

தொடக்கத்தில் இதுவும் பித்தளைதான்

1908-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி, கசப்பும் கசடும் இல்லாத காபிக்கு ஒரு வழி தேடினார். ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஓட்டை போட்டார். மகனின் பள்ளி நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றினார். காகித ஃபில்டர் பிறந்த கதை இதுதான்.

ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரம், மேலே தூள், வெந்நீர், தானாகக் கீழே இறங்கும் காபி. நம் வீட்டு ஃபில்டரும் இதே தத்துவம்தான். ஆகவே "அது மாடர்ன், இது பழசு" என்ற பேச்சில் அர்த்தம் இல்லை. தமிழ் வீடுகளில் காபியே ஒரு காலத்தில் புதுசாக வந்து இறங்கிய பொருள்தான். பழையதும் நீராகாரமும் இருந்த இடத்தை அது பிடித்தபோது எழுந்த புலம்பல்களை வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார். புதுசு வருவதில் தப்பே இல்லை. எதற்காக வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போ வித்தியாசம் என்ன?

நம் ஃபில்டரில் நிறைய தூளுக்குக் கொஞ்சம் தண்ணீர். அது மெதுவாக இறங்கிக் கெட்டியான டிகாக்‌ஷன் ஆகிறது. பால் ஊற்றினாலும் தாக்குப்பிடிக்கிற கெட்டி அது. டிரிப்பரில் 15 கிராம் தூளுக்குச் சுமார் 250 மில்லி தண்ணீர், மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கிடைப்பது டிகாக்‌ஷன் இல்லை, அப்படியே குடிக்க வேண்டிய கறுப்புக் காபி. அதில் பால் ஊற்றினால் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று, காகிதம். காபியின் எண்ணெய்ப் பசையைத் தாள் பெருமளவு பிடித்துவைத்துக்கொள்ளும். கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டக்கூடிய கஃபெஸ்டால் என்ற பொருளும் அந்தப் பசையோடு தங்கிவிடும். உலோகச் சல்லடையால் அதை அந்த அளவுக்குத் தடுக்க முடியாது. அதனால்தான் டிரிப்பர் காபி தெளிவாகவும் லேசாகவும் இருக்கிறது.

முதல் கேள்வி: தூளில் என்ன இருக்கிறது?

டிரிப்பர் வாங்கும் முன் வீட்டில் இருக்கும் காபித்தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது, 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். எவ்வளவு என்பதைப் பாக்கெட்டில் அச்சிட்டே ஆக வேண்டும்.

சிக்கரி குற்றவாளி இல்லை. பால் காபிக்கு நிறமும் கெட்டியும் தருவது அதுதான். ஆனால் காகிதத்தில் அது மந்தமாக வடியும், பால் இல்லாமல் குடித்தால் கசப்பு தூக்கலாக நிற்கும். டிரிப்பருக்குச் சிக்கரி கலக்காத தூள் வேண்டும். அரைப்பதும் ஃபில்டர் காபிக்கு அரைப்பதைவிடக் கொஞ்சம் கொரகொரப்பாக, ரவை பதத்தில் இருக்க வேண்டும். கடையில் கேட்டாலே அரைத்துத் தருவார்கள்.

இதில் ருசி மட்டும் இல்லை, விவசாயியும் இருக்கிறார். பாலும் சிக்கரியும் சர்க்கரையும் சேர்ந்த டம்ளரில் கொட்டை ஏற்காட்டில் விளைந்ததா, சிக்மகளூரில் விளைந்ததா என்று கண்டுபிடிப்பது சிரமம். 2019-ல் கூர்க், சிக்மகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு அரபிகாக்களுக்கும் வயநாடு ரொபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த அதே அங்கீகாரம். பட்டு வாங்கும்போது ஜரிகையை உரசிப் பார்க்கிற ஊரில், காபிக்கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று கேட்பது அதிகப்படி இல்லை. டிரிப்பர் வாங்க நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

பீங்கான் சூடு காக்குமா?

"பீங்கான் சூட்டைத் தக்கவைக்கும்" என்று விளம்பரங்கள் சொல்கின்றன. பாதி உண்மை. தக்கவைக்கும் முன் அது சூட்டைக் குடிக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். 400 கிராம் எடையுள்ள பீங்கான், 30 டிகிரியில் இருக்கிறது. அதில் 95 டிகிரியில் 250 மில்லி வெந்நீர் ஊற்றுகிறீர்கள். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தால் தண்ணீர் சுமார் 78 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே இடத்தில் 100 கிராம் பிளாஸ்டிக் என்றால் 87 டிகிரியில் நிற்கும். இது ஏட்டுக்கணக்கு. தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடுவதால் நடைமுறையில் இவ்வளவு இறங்காது. ஆனால் எது அதிகச் சூட்டைத் தின்னும் என்பது தெளிவு. தூளில் படும் தண்ணீர் 90 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் சாறு நன்றாக இறங்கும். சூடு குறைந்தால் காபி புளிப்படிக்கும்.

தீர்வு ரொம்ப சிம்பிள். தாளை வைத்து, கொதிநீரை ஒரு சுற்று ஊற்றிக் கீழே வடியவிட்டு, அதன்பிறகு தூளைப் போடுங்கள். பீங்கானும் சூடாகும், தாளின் வாசனையும் போகும். வடிந்த தண்ணீரில் டம்ளரைச் சூடு பண்ணிக்கொள்ளலாம். இந்த ஒரு நிமிடத்துக்குத் தினமும் பொறுமை இல்லாதவருக்குப் பிளாஸ்டிக்தான் நல்ல காபி தரும். விலையும் குறைவு, கைதவறிச் சிங்க்கில் விழுந்தாலும் உடையாது. வெந்நீர் படும் இடத்தில் பிளாஸ்டிக் வேண்டாம் என்பவர்களுக்கும், பத்து வருடம் ஒரே பொருளை வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் பீங்கான் சரி.

எந்த வடிவம் வாங்கலாம்?

* கூம்பு: ஜப்பானின் ஹரியோ வி60 இதில் பிரபலம். 60 டிகிரி கோணம், அடியில் ஒரே பெரிய ஓட்டை. தண்ணீர் வேகமாக இறங்கும் என்பதால் கை பழக வேண்டும். ஊற்றுவதில் அவசரப்பட்டால் காபி நீர்த்துப்போகும்.
* தட்டை அடி: கலிட்டா வேவ் வகை. மூன்று சின்ன ஓட்டைகள். தூள் சமமாகப் பரவும், ஊற்றுவதில் சின்னச் சின்னத் தப்புகளை மன்னிக்கும். ஆபீஸ் கிளம்பும் அவசரத்துக்கு இதுவே மேல்.
* ஆப்பு வடிவம்: மெலிட்டா வகை. சின்ன ஓட்டை, நிதானமாக வடியும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது.

ஒன்றின் தாள் மற்றொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது. ஆகவே டிரிப்பருக்கு முன் தாள் எளிதாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று பாருங்கள். தினம் இரண்டு முறை போட்டால் வருடத்துக்கு 730 தாள். 100 தாள் பாக்கெட்டின் விலையை 7.3-ஆல் பெருக்கினால் வருடச் செலவு வந்துவிடும். நம் ஃபில்டருக்கு இந்தச் செலவே கிடையாது.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்போனது. புதுச்சேரியில் 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கியதிலிருந்து கைவினை மண்பாண்டக் கலை அங்கே செழித்திருக்கிறது. கையால் செய்த டிரிப்பர் எங்கே கிடைத்தாலும் இரண்டைக் கவனியுங்கள். உள்பக்கம் வரிவரியாக மேடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாள் சுவரோடு ஒட்டி, காற்று போக வழியில்லாமல் வடிவது நின்றுவிடும். அடுத்து, பளபளப்புப் பூச்சு உணவுக்கு உகந்ததா, ஈயம் இல்லாததா என்று கேளுங்கள். காபி லேசான அமிலம்.

இன்னொரு சின்ன விஷயம். எவர்சில்வர் டம்ளர் மேல் பீங்கானை வைத்தால் உள்ளே எவ்வளவு இறங்கியது என்று தெரியாது, மேடையெல்லாம் காபியாகும். கண்ணாடி டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை எங்கே போடுவது?

வரிசை இதுதான். முதலில், புதிதாக வறுத்த, சிக்கரி இல்லாத நல்ல கொட்டை. இரண்டாவது, கையால் சுற்றும் அரவை மிஷின். மூன்றாவது, தண்ணீர். உப்புத்தன்மை அதிகமுள்ள போர்வெல் தண்ணீர் எந்தக் காபியையும் சப்பென்று ஆக்கிவிடும். நான்காவதாக ஒரு பிளாஸ்டிக் டிரிப்பர். மூன்று மாதம் விடாமல் போட்டுக் குடித்த பிறகும் ஆசை இருந்தால், அப்போது வாங்குங்கள் பீங்கான்.

அதுவரை அம்மாவின் ஃபில்டரைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். "இது அதுக்குப் பதில் இல்லம்மா, இது வேற காபி" என்று அந்த மகன் சொன்னால் போதும். கூடவே ஒரு டம்ளர் போட்டும் கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் மேடையில் டிகாக்‌ஷன் தயாராகத்தான் இருக்கிறது.